ஓட்டுநர் இல்லாத ஊர்தியும் இழப்பீட்டுப் பொறுப்பும்: பேராக் தோட்டத் தமிழர் வரலாற்றின்வழி ஒரு நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தென்னெல்லையில் உள்ள தஞ்சோங் மாலிம் நகரை ஆசிரியர்கள் நன்கறிவர். 1922 ஆம் ஆண்டில் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, இன்று கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனம் அங்கு அமைந்துள்ளது. அந்நகரை அடுத்துள்ள புரோட்டோன் தொழிற்சாலையில், முன்செல்லும் வாகனத்தோடு இடைவெளி காத்தல், தடத்தின் நடுவே செல்லுதல் ஆகிய பணிகளில் ஓட்டுநருக்குத் துணைசெய்யும் கார்கள் 2020 ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்டு வருகின்றன. வாகனத் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கும் அளவீட்டின்படி இவை இரண்டாம் நிலையைச் சார்ந்தவை. ஓட்டுநர் விழிப்புடன் இருந்தே தீர வேண்டும். ஓட்டுநர் இருக்கையே வெறுமையாக இருக்கும் ஊர்திகள் அமெரிக்க, சீன நகரங்கள் சிலவற்றில் வாடகைக் கார்களாக ஓடத் தொடங்கியுள்ளன.

அத்தகைய ஊர்தி ஒன்று ஈப்போ சாலையில் ஒருவரை மோதினால், அவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ இழப்பீடு வழங்க வேண்டியவர் யார்? உடைமையாளரா, உற்பத்தியாளரா, மென்பொருளை எழுதிய நிறுவனமா, காப்புறுதி நிறுவனமா? இவ்வினா சட்டத்துறையினருக்கு மட்டுமே உரியது எனக் கருதி நாம் விலகி நிற்பதற்கில்லை. மனிதரின் நேரடித் தவறு இன்றி நேரும் தீங்குக்கு யார் பொறுப்பேற்பது என்னும் வினாவைப் பேராக் மாநிலத்துத் தமிழர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தங்கள் உடலாலும் உயிராலும் எதிர்கொண்டுள்ளனர். அவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கி, அது இன்றைய சிக்கலுக்கு என்ன தருகின்றது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய மரபில் ஊர்தியும் பொறுப்பும்

ஊர்தியால் நேரும் தீங்கினைப் பற்றிய சிந்தனை இந்திய மரபுக்குப் புதியதன்று. மனுதருமத்தின் எட்டாம் அதிகாரம் வண்டி, வண்டியோட்டி, உடைமையாளர் ஆகியோரைப் பற்றித் தனியே பேசுகின்றது. மூக்கணாங்கயிறு அறுதல், நுகத்தடி முறிதல், அச்சோ சக்கரமோ உடைதல் முதலிய பத்து நிலைகளில் தண்டம் இல்லை என்பது அதன் விதி. விலகுமாறு ஓட்டுநர் உரக்கக் கூவியிருப்பதும் அப்பத்தில் ஒன்று. ஓட்டுநரின் திறமையின்மையால் வண்டி வழிதவறித் தீங்கு நேர்ந்தால் உடைமையாளருக்கு 200 பணம் தண்டம்; ஓட்டுநர் திறமையுடையவராயின் தண்டம் அவரையே சேரும். கருவியின் பழுது, இயக்குபவரின் பிழை, திறமையற்றவரை அமர்த்திய உடைமையாளரின் பிழை என்னும் முப்பகுப்பு இங்கேயே அரும்பியிருப்பதைக் காண்கின்றோம்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சிறுவன் ஓட்டிய வண்டியையும் ஆளின்றி ஓடிய வண்டியையும் அரசன் கைப்பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் நான்காம் அதிகரணத்தில் வரும் விதியாகும். ஆளில்லா ஊர்தியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சட்ட விதிகளுள் இதுவும் ஒன்று எனலாம். ஆயின் இவ்விரு நூல்களும் கூறும் தண்டம் அரசனைச் சேர்வது. அடிபட்டவருக்கு அதனால் என்ன கிட்டும் என்பது வேறு வினா.

தமிழர் நினைவில் நிலைத்த ஊர்தி விபத்து மனுநீதிச் சோழன் வரலாற்றில் இடம்பெறுவது. இளவரசனின் தேர்க்காலில் பசுக்கன்று பட்டு மடிகின்றது. ஆராய்ச்சி மணியைப் பசு அசைக்க, மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இடத் துணிகின்றான். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடப்பெற்ற இவ்வரலாற்றின் நினைவாகத் திருவாரூரில் கல்தேர் நிற்கின்றது. நீதி வழுவாமையின் உச்சமாக இதனை வகுப்பறையில் கற்பிக்கின்றோம். சட்ட நோக்கில் இங்கு நிகழ்ந்தது தண்டனையே. கன்று உயிர்பெறுவதற்கு இறையருள் தேவைப்பட்டது.

இலங்கையின் மகாவம்சமும் எல்லாளன் வரலாற்றில் இதையொத்த கன்றின் கதையைக் கூறுகின்றது. அதனோடு பெரிதும் பேசப்படாத இன்னொரு நிகழ்வையும் அந்நூல் தருகின்றது. எல்லாளனின் தேர் தற்செயலாகப் பௌத்தத் தூபி ஒன்றை இடித்துச் சேதப்படுத்துகின்றது. மன்னன் தேரிலிருந்து இறங்கி, தன் தலையைத் தேர்ச்சக்கரத்தால் அறுக்குமாறு சாலையில் படுக்கின்றான். அமைச்சர்கள் அதனை ஏற்கவில்லை. தூபியைச் சீர்செய்வதே போதும் என்கின்றனர். விழுந்த 15 கற்களை மீண்டும் பொருத்த மன்னன் 15,000 ககாபணங்களைச் செலவிட்டான் என்கிறது அந்நூல். தீங்கு செய்தவரை வருத்துவதினும் தீங்கினைச் சீர்செய்வதே முதன்மையானது என்னும் கருத்து இங்கே வெளிப்படுகின்றது. குற்றவியலுக்கும் உரிமையியலுக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இவ்விரு கதைகளினும் ஏற்ற சான்று தேடுதல் அரிது.

ஆங்கிலப் பொதுச்சட்டம் பேராக்கிற்கு வந்த வகை

பேராக்கில் நவீன ஊர்தியின் வரலாறு 1885 ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே போடப்பட்ட மலாயாவின் முதல் இரயில் பாதையுடன் தொடங்குகின்றது. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அப்பாதை அமைப்பில் உழைத்தனர். 1894 ஆம் ஆண்டில், இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சன் செல்லும் பாதையில் காட்டு யானை ஒன்று தன் கூட்டத்தைக் காக்க இரயிலை எதிர்த்து மோதி, அதனைத் தடம்புரளச் செய்தது. அவ்யானைக்கு அங்கு ஒரு நினைவுப் பலகையும் உண்டு. சட்டம் இதனை எவ்வாறு நோக்கும்? காட்டு யானைக்கு உடைமையாளர் இல்லை. ஆதலால் பொறுப்பேற்பாரும் இல்லை. கொடிய விலங்கை வளர்ப்பவரோ, தம்மீது தவறு இல்லை எனினும், அது விளைக்கும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. தானே முடிவெடுத்து இயங்கும் ஒன்றை வைத்துப் பயன்பெறுபவர் அதன் தீங்கையும் ஏற்க வேண்டும் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

இரயிலுக்கு முன்பே, 1877 ஆம் ஆண்டில், கோலகங்சாரில் சர் ஹியூ லோவின் தோட்டத்தில் இரப்பர் கன்றுகள் நடப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தா, கோலகங்சார், கீழ்ப் பேராக் மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையிலும் பின்னர் குடியேற்ற நிதியின் உதவியாலும் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். அவர்களோடு மாட்டு வண்டிகளும், அவற்றைத் தொடர்ந்து பால் ஏற்றும் லோரிகளும், புகைக்கூடங்களும், இரப்பர் தகடு பிழியும் உருளை இயந்திரங்களும் வந்தன.

இவ்வுழைப்பாளர்க்குத் தீங்கு நேர்ந்தபோது எந்தச் சட்டம் துணைநின்றது? ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் தீங்கியல் விதிகள் கூட்டு மலாய் மாநிலங்களில் 1937 ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டவிதியால் முறைப்படி ஏற்கப்பட்டன. இன்றும் நடைமுறையில் உள்ள 1956 ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் இங்கிலாந்தில் நிலவிய பொதுச்சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்கு அடிப்படையாக்கியது. அப்பொதுச்சட்டத்தின் நடுநாயகமாக விளங்கியது கவனக்குறைவு என்னும் கோட்பாடு. பாதிக்கப்பட்டவர், எதிரி தம்பால் கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்பதையும், அக்கடமையில் தவறினார் என்பதையும், அத்தவற்றினாலேயே தமக்கு இழப்பு நேர்ந்தது என்பதையும் தாமே மெய்ப்பிக்க வேண்டும்.

தொழிலாளியைப் பொறுத்தவரை இன்னுமொரு தடையும் இருந்தது. 1837 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கே அதன் தோற்றுவாய். இறைச்சிக் கடைப் பணியாளர் ஒருவர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டியில் அனுப்பப்பட்டு, அது சரிந்ததில் தொடையெலும்பு முறிந்தார். முதலாளி பொறுப்பல்லர் என நீதிமன்றம் கூறியது. இதிலிருந்து வளர்ந்த உடனுழைப்பாளர் கோட்பாட்டின்படி, சக தொழிலாளியின் தவற்றால் அடிபட்ட தொழிலாளி முதலாளியிடம் இழப்பீடு கோர இயலாது. அபாயத்தைத் தெரிந்தே அவர் வேலைக்கு வந்தார் என்பது அதன் வாதம். பிரிட்டனில் இக்கோட்பாடு 1948 ஆம் ஆண்டில்தான் முற்றாக ஒழிக்கப்பட்டது. தொழிலாளியின் உரிமையை ஒரு நூற்றாண்டுக்கு மேல் முடக்கிவைத்த இக்கோட்பாடு ஒரு வண்டி விபத்தில் பிறந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது.

தோட்டத் தொழிலாளரும் தவறுசாரா இழப்பீடும்

எழுத்தறிவும் வழக்கறிஞரை அமர்த்தும் வசதியும் இல்லாத தொழிலாளி, தோட்ட நிர்வாகத்தின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் எளிதன்று. சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அதே லயத்தில் குடியிருந்து அதே தோட்டத்தில் கூலி பெறுபவர்கள். பொறுப்பு ஏட்டளவில் இருந்தும் இழப்பீடு கைக்கு எட்டாமைக்கு இதுவே காரணமாயிற்று.

இந்நிலைக்குத் தொழிலாளர்கள் தாமே ஒரு மாற்றினைக் கண்டனர். தோட்டங்களில் இயங்கிய மரண சகாய நிதி அதற்குச் சான்று. ஒவ்வொரு குடும்பமும் சிறுதொகை செலுத்தும். சாவு நேர்ந்த வீட்டுக்கு அந்நிதியிலிருந்து பணம் செல்லும். இறந்தவர் மீது தவறு உண்டா, பிறர்மீது தவறு உண்டா என எவரும் வினவுவதில்லை. இழப்பு நேர்ந்தது என்பதே போதுமான காரணம். ஒருவர்மீது விழும் பாரத்தைப் பலர் பகிர்ந்து சுமத்தல் என்னும் இக்கருத்தே காப்புறுதியின் உயிர்நாடி. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும், சிறுதொகைகளைத் திரட்டிப் பேரிடரைத் தாங்குதல் என்னும் இதே நெறியையே பின்பற்றினார்.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்ந்தது. பிரிட்டனில் 1897 ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1923 ஆம் ஆண்டிலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1921 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இவ்வுரிமையை வேளாண் தொழிலாளர்க்கும் விரிக்குமாறு வேண்டியது. மலாயாக் கூட்டரசில் 1952 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்கு, முதலாளியின் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் அவரே இழப்பீடு தர வேண்டும் என்பது இத்தகைய சட்டங்களின் சாரம். தொழிலின் ஆதாயத்தைப் பெறுபவர் தொழிலின் இடரையும் சுமக்க வேண்டும் என்னும் நெறி சட்டத்தில் இடம்பெற்றது.

அடுத்த பெரும் மாற்றம் 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். மக்கள் வழக்கில் சொக்சோ எனப்படும் இத்திட்டம் 1971 ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. தொழில் விபத்துப் பிரிவுக்குரிய சந்தாவை முதலாளி செலுத்துவார். விபத்து நேர்ந்தால் நிறுவனம் தொழிலாளிக்கு உதவித்தொகை வழங்கும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். அதிகாலையில் இருளில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு இது பெரும் பாதுகாப்பாயிற்று.

இப்பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. அச்சட்டத்தின் 31 ஆம் பிரிவு, காப்புறுதி பெற்ற தொழிலாளி தொழில் விபத்துக்காக முதலாளிமீது பொதுச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கின்றது. முதலாளி வெளிப்படையாகவே கவனக்குறைவாக நடந்திருந்தாலும் தொழிலாளிக்குரியது திட்டம் வரையறுத்த தொகையே. துன்பத்திற்கும் வலிக்கும் தனியே இழப்பீடு இல்லை. இதனினும் ஆழ்ந்த இழப்பு ஒன்று உண்டு. தவறு எங்கே நேர்ந்தது என முதலாளியை நீதிமன்றத்தில் நிறுத்தி வினவும் வாய்ப்பும் இதனால் மறைந்தது. உறுதியான சிறுதொகை, வினவும் உரிமைக்கு ஈடாகப் பெறப்பட்டது.

சாலையும் காப்புறுதியும்

சாலை விபத்தில் சட்டம் வேறு வழியில் சென்றது. 1958 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 1987 ஆம் ஆண்டின் சட்டத்திலும், வாகனத்திற்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. காப்புறுதி இல்லாத வாகனங்களால் பாதிக்கப்பட்டோர்க்கென 1968 ஆம் ஆண்டில் ஒரு தனி ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆயினும் காப்புறுதி நிறுவனம் பணம் தருவது, காப்புறுதி பெற்றவருக்கு எதிரான தீர்ப்பினைத் தொடர்ந்தே ஆகும். அத்தீர்ப்புக்கு அவரது கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும். பணம் கூட்டுநிதியிலிருந்து வரினும், அதன் வாயிற்கதவைத் திறக்கும் திறவுகோலாகத் தனிமனிதத் தவறே இருந்துவருகின்றது.

இந்தியா இவ்விடத்தில் ஒருபடி விலகிச் சென்றது. 1982 ஆம் ஆண்டின் திருத்தத்தால் அங்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் தவறுசாராப் பொறுப்பு இடம்பெற்றது. 2019 ஆம் ஆண்டின் திருத்தப்படி, தவறு எவர்மீதும் மெய்ப்பிக்கப்படாவிடினும் உயிரிழப்புக்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாயும் பெற வழி உண்டு.

மலேசியாவில் இழப்பீட்டின் அளவும் கவனத்திற்குரியது. உரிமையியல் சட்டத்தில் 1984 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிட ஒரு வாய்பாட்டை விதித்தது. விபத்தின்போது 55 வயதை எட்டியவருக்கு எதிர்கால வருமான இழப்பீடே இல்லை. முப்பது வயதுக்கு உட்பட்டவருக்குப் பெருக்கெண் 16. அதற்கு மேற்பட்டவருக்கு 55 இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 1,000 ரிங்கிட் ஈட்டிய 40 வயதினர் ஒருவர் உழைக்கும் ஆற்றலை முற்றாக இழந்தால், பெருக்கெண் 7.5, இழப்பீடு 90,000 ரிங்கிட். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 55 என்பது 60 ஆக உயர்ந்தது. அவருக்குரிய பெருக்கெண் 10 ஆகி, தொகை 120,000 ரிங்கிட் ஆகும். உறவினரை இழந்த துயருக்கான தொகை 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

இவ்வாய்பாடு யாரை முன்னிறுத்தி அமைந்தது என எண்ணிப் பார்க்க வேண்டும். 55 வயதிற்குப் பிறகும் பால்மரக் காட்டிலோ செம்பனைத் தோட்டத்திலோ உழைத்தவருக்கு அவ்வுழைப்பு 35 ஆண்டுக் காலம் சட்டத்தின் கண்ணில் படவில்லை. விபத்துக்கு முன் வருமானம் ஈட்டியதைக் காட்ட வேண்டும் என்னும் விதியால், ஊதியமின்றி வீட்டைக் காத்த பெண்களும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் புறத்தே நின்றனர். பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு இணையாக, இழப்பை எவ்வாறு அளப்பது என்னும் வினாவும் முதன்மை வாய்ந்ததாகும்.

மெய்ப்பிக்கும் சுமை: புக்கிட் மேரா வழக்கு

புதிய தொழில்நுட்பத்தால் விளையும் தீங்கைச் சாதாரண மக்கள் மெய்ப்பிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு ஈப்போ உயர்நீதிமன்றமே ஒரு சான்றை வழங்கியுள்ளது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982 ஆம் ஆண்டு முதல் இயங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவுகளை எதிர்த்து, அவ்வூரார் எண்மர் 1985 ஆம் ஆண்டில் தமக்காகவும் பிற குடியிருப்பாளர்க்காகவும் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, ஆலையை நிறுத்த ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வல்லுநர் சாட்சியத்தில் நிறுவனத் தரப்பையே அது ஏற்றது. குறையிருப்பின் அணுசக்தி உரிம வாரியத்தை நாடியிருக்க வேண்டும் என்றும் கருதியது. எனினும் 1994 ஆம் ஆண்டில் ஆலை தன் பணியை நிறுத்திக்கொண்டது.

இவ்வழக்கு ஊர்திகளைப் பற்றியதன்று. எனினும் தானியங்கி ஊர்தி வழக்கின் மையச் சிக்கல் இங்கே முன்கூட்டியே தோன்றிவிட்டது. தீங்குக்குரிய தரவுகளும் அளவீடுகளும் நிறுவனத்தின் கையில். அவற்றை விளக்கும் வல்லுநர்களை அமர்த்தும் செல்வமும் அங்கேயே. நாளை விபத்தில் சிக்கிய ஒருவர் ஊர்தியின் மென்பொருள் பழுதுடையது என மெய்ப்பிக்க வேண்டுமெனில், அவர் நிற்க வேண்டியதும் இதே இடத்தில்தான்.

ஓட்டுநர் மறையும்போது

2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், சோதனையில் இருந்த ஊபர் நிறுவனத் தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அவரை உணர்ந்தும், நடந்து செல்லும் மனிதர் என இனங்காணவில்லை என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. காரிலிருந்த கண்காணிப்பாளர் சாலையை நோக்கவில்லை. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என 2019 ஆம் ஆண்டில் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். கூலிக்கு அமர்ந்திருந்த கண்காணிப்பாளர் 2023 ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்பி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். தவறு நிறுவனத்திலிருந்து இறங்கிக் கடைநிலைப் பணியாளரிடம் வந்து நிற்றல், உடனுழைப்பாளர் கோட்பாட்டின் வரலாற்றை அறிந்தோர்க்குப் பழகிய காட்சியே.

மாறாக, புளோரிடாவில் 2019 ஆம் ஆண்டில் நேர்ந்த விபத்தொன்றில், ஓட்டுநரே கவனம் சிதறியிருந்தபோதும், ஓட்டுதல் துணைக்கருவியை உருவாக்கிய டெஸ்லா நிறுவனத்திற்கு 33 விழுக்காட்டுப் பொறுப்பு உண்டு என 2025 ஆகஸ்டில் நடுவர் குழு முடிவு செய்தது. இம்முடிவை எட்ட ஆறாண்டுகள் கடந்தன.

மலேசியச் சட்டத்தில் இன்று இதற்கு இரு வழிகள் தென்படுகின்றன. ஒன்று, மேலே கண்ட கவனக்குறைவு வழக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியும். ஓட்டுநர் இல்லையெனில் யாருடைய கவனக்குறைவு என்னும் வினாவிலேயே இவ்வழி இடறுகின்றது. மற்றொன்று, 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி. பழுதுடைய பொருளால் தீங்கு நேர்ந்தால், உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் தவறுசாராப் பொறுப்பினர் என அது விதிக்கின்றது. எனினும் பழுது இருந்தது என்பதைப் பாதிக்கப்பட்டவரே காட்ட வேண்டும். பொருள் வெளிவந்த காலத்து அறிவியல் நிலையில் அப்பழுதை அறிந்திருக்க இயலாது எனக் கூறி உற்பத்தியாளர் விடுபடவும் இடமுண்டு. தானே கற்று மாறும் மென்பொருளுக்கு இவ்விலக்கு மிகப் பெரிய வாயிலாகிவிடக் கூடும்.

பிற நாடுகள் கண்ட வழிகள் இங்கு ஒப்புநோக்கத் தக்கவை. செர்மனியில் 1909 ஆம் ஆண்டு முதலே வாகனத்தை வைத்திருப்பவர், தம்மீது தவறு இல்லாவிடினும், அதன் இயக்கத்தால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார். ஆதலால் ஓட்டுநர் மறைந்தபோதும் அங்கு அடித்தளம் ஆட்டம் காணவில்லை. பிரிட்டன் 2018 ஆம் ஆண்டின் சட்டத்தால், ஊர்தி தானே ஓடும்போது நேர்ந்த விபத்துக்குக் காப்புறுதி நிறுவனமே முதலில் இழப்பீடு தர வேண்டும் என விதித்தது. உற்பத்தியாளரிடமிருந்து அத்தொகையைப் பின்னர் மீட்டுக்கொள்வது அந்நிறுவனத்தின் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டு நெறிமுறை மென்பொருளையும் பொருள் என வரையறுத்தது. தொழில்நுட்பச் சிக்கலால் மெய்ப்பித்தல் மிகக் கடினமாகும் வழக்குகளில் பழுது உண்டு என நீதிமன்றம் கருதிக்கொள்ளவும், சான்றுகளை வெளியிடுமாறு நிறுவனத்தைப் பணிக்கவும் இடமளித்தது.

முடிவுரை

பேராக் தோட்டத் தமிழரின் வரலாறு இருவகைப் படிப்பினைகளைத் தருகின்றது. தவற்றை மெய்ப்பித்தால்தான் இழப்பீடு என்றிருந்தவரை, வலுவற்றவர் வெறுங்கையோடு திரும்பினர். தவறுசாரா இழப்பீடு வந்தபோது பணம் உறுதியாயிற்று; அதனுடன் வினவும் உரிமை விலகிற்று. ஓட்டுநர் இல்லாத ஊர்திகளுக்கெனச் சட்டம் வகுக்கும்போது இவ்விரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறும் 1969 ஆம் ஆண்டின் பேரம் மீண்டும் நிகழ வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவருக்குக் காப்புறுதி நிதியிலிருந்து உடனடி இழப்பீடு, தரவுகளைப் பெற்று நிறுவனத்தை வினவும் உரிமை, வயதையும் ஊதியச் சீட்டையும் மட்டும் நம்பாத அளவுகோல் ஆகிய மூன்றும் ஒருங்கே இடம்பெறுதல் வேண்டும்.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோராவர். தோட்டங்களை விட்டு ஈப்போவின் புறநகர்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களில் மோட்டார் சைக்கிளை நம்பி வேலைக்குச் செல்வோர் பலர். லோரியும் பேருந்தும் ஓட்டிப் பிழைப்போரும் பலர். தானியங்கி ஊர்தியை வாங்கும் வசதி பெறுமுன்னரே அதன் எதிரே சாலையில் செல்ல வேண்டியவர்கள் இவர்கள். ஆகவே இச்சட்டத்தின் உருவாக்கம் நம்மவர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

மனுநீதிச் சோழன் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதனோடு எல்லாளன் தூபியைச் சீர்செய்த நிகழ்வையும் சேர்த்துக் கற்பிக்கலாம். தேர்க்காலில் யாரை இடுவது என்பதை முதல் வினாவாகக் கொண்ட நீதி ஒன்று. இடிந்ததை எவ்வாறு எடுத்து நிறுத்துவது என்பதை முதல் வினாவாகக் கொண்ட நீதி மற்றொன்று. ஓட்டுநர் இருக்கை வெறுமையாகும் காலத்தில் முந்தைய வினாவுக்கு விடை கிடைக்காமலே போகலாம். பிந்தைய வினாவுக்கு விடை காணல் நம் காலத்தின் கடமையாகும்.